பன்னிரண்டாவது விநாடி

மதியம் மூன்று மணிக்கு எடிட்டரம்மா அந்தப் பழைய தொலைக்காட்சி நிலையத்தின் படியேறினாள். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடங்கள். டிவிக்கென்றே எடுத்து, எல்லோரும் மறந்துபோன மர்மப் படங்களின் டேப்புகள் ஒரு பூட்டிய அறையில் குவியலாகக் கிடைத்தனவாம். எது என்ன படமென்று சொல்ல ஆளில்லை என்று டேப் அறைக்காரர் போனில் கெஞ்சியிருந்தார்.

ஜன்னல் இல்லாத அறை. பூஞ்சை வாடை. ஓடும் இயந்திரத்தின் மெல்லிய முனகல்.

ஆறு படங்களுக்குப் பெயர் சொல்லிவிட்டாள். ஏழாவது டேப்பின் முதுகில் அவளுடைய கையெழுத்தே இருந்தது.

"இது நீங்க வெட்டின படம்தானேக்கா? ஒரே ஒரு தடவைதான் போட்டாங்களாமே?"

"ஆமா."

அந்தப் படத்தில் கதாநாயகி கிணற்றில் விழும் காட்சி ஒன்று உண்டு. அவளுக்குப் பதிலாக விழுந்தவள் டூப் போட்ட ஒரு பெண், இருபத்திரண்டு வயது. மூச்சு முட்டினால் கையைத் தூக்கு, கயிறு போடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். தூக்கினாள். நன்றாக நடிக்கிறாள் என்று டைரக்டர் கேமராவை ஓடவிட்டார். பிணமாகத்தான் மேலே வந்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் டைரக்டர் எடிட்டரம்மாவின் அறைக்கு வந்து இரண்டே வார்த்தை சொன்னார். "கை வேண்டாம்."

பன்னிரண்டாவது விநாடியில் வெட்டினாள். மிச்சத்தை அழித்தாள். சைகை காட்டாதது அந்தப் பெண்ணின் அஜாக்கிரதை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

இப்போது திரையில் கிணறு வந்தது. மனசு தானாக எண்ணியது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

பதிமூன்று.

காட்சி மாறவில்லை.

தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு கை மேலே வந்தது.

"நிறுத்துங்க," என்றாள் எடிட்டரம்மா.

"நிறுத்திட்டேன்க்கா." டேப் அறைக்காரர் பின்வாங்கினார். "டேப் என் கையிலதான் இருக்கு."

திரையில் கை இறங்கவில்லை. விரல்கள் மட்டும் மெல்ல விரிந்தன.

"அவ கையைத் தூக்கினா," என்றாள் எடிட்டரம்மா. முப்பது வருடம் தொண்டையில் நின்றது அது. "நான்தான் வெட்டினேன்."

திரை இருண்டது.

அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு, விசாரித்து விசாரித்து, அந்தப் பெண்ணின் தம்பி வீட்டைக் கண்டுபிடித்தாள். அவருக்கு இப்போது தலை நரைத்திருந்தது. வாசலிலேயே நின்று இரண்டு முறை படித்தார்.

"எம்பொண்ணு அஜாக்கிரதையானவ இல்லன்னு எங்கம்மா சாகறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க," என்றார். "யாருமே நம்பல. நானும்தான்."

அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

நான்கு நாள் கழித்து டேப் அறைக்காரர் போன் செய்தார்.

"அக்கா, இன்னொரு படம் போட்டேன். நீங்க வெட்டினது இல்ல. ரயில்ல நடக்கிற கொலைக் கதை."

"சரி."

"அதுல ஜன்னலோரமா ஒரு பொண்ணு. தலையெல்லாம் ஈரம். சொட்டிக்கிட்டே இருக்கு."

எடிட்டரம்மா கேட்டாள்: "கை?"

"மடியிலதான் இருக்கு. சும்மாதான் உக்காந்திருக்கா. பக்கத்து சீட்டு காலிக்கா. யாரு வந்து உக்காந்தாலும், ஆள் வருதுன்னு சொல்லி எழுப்பி விட்டுடறா."