மஞ்சள் வானத்து டிரெஸ்னிக்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈரி ஏரிக்கரைத் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் இருந்தவர்கள்: ஆட்டக்காரர் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டைகளை மேசைமேல் பரப்பிவைத்த ஒன்பது ஆண்கள். அவர்களில் மூத்தவர் நார்பர்ட் காலிக். பூதக்கண்ணாடி இல்லாமல் மனைவியைக்கூடப் பார்க்க மாட்டார் என்று பெயர். காபி விற்ற ஒரு பெண்மணி. மழைக்கு ஒதுங்கிய ஒரு பஸ் டிரைவர். கடைசி மேசையில் டேல் வுகோவிச், வயது முப்பத்தாறு, தனிக்கட்டை. பிறகு, வாங்கவும் விற்கவும் வராத ரெனாட்டா கோசியாக்.

கையில் ஆல்பத்திலிருந்து கிழித்த ஒரு பழுப்புத் தாள். ஓரம் தீயில் கருகியிருந்தது. நடுவில் ஒரே ஒரு அட்டை, பசை போட்டு ஒட்டியது.

நார்பர்ட் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். "நாலு மூலையும் மழுங்கிப்போச்சு. தொப்பி மேல மடிப்பு. அச்சு வேற விலகியிருக்கு. காபி கப்புக்கு அடியில வெச்சுக்கோம்மா."

அடுத்தடுத்த மேசைகளிலும் அதே பதில்தான். கடைசி மேசைக்கு வரும்போது அவள் முகம் இறுகியிருந்தது.

"நீங்களும் மூலையைத்தான் பார்ப்பீங்களா? அப்படின்னா சிரமப்படாதீங்க."

டேல் தாளை வாங்கிக் கையை முழுக்க நீட்டி, தூரத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் எந்த அட்டையையும் முதலில் அப்படித்தான் பார்ப்பான்.

அட்டையில் இருந்தவர் வால்ட் டிரெஸ்னிக். மூன்று பருவம் ஆடி மறக்கப்பட்டவர். ஆனால் அவர் பின்னால் இருந்த வானம்... முட்டைக் கருவின் மஞ்சள். நாற்பது வருடத்தில் துளியும் வெளுக்கவில்லை. அச்சு விலகியதில் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்து, இப்போதுதான் யாரோ முத்தமிட்டுப் போனதுபோல் நின்றார்.

"இந்த மஞ்சளை நான் எங்கயும் பார்த்ததில்ல," என்றான். "அழகா இருக்கு."

அவள் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பழுப்புக் கண்கள். இடது கண்ணில் மட்டும் சின்னதாய் ஒரு மஞ்சள் பொட்டு. தகரக் கூரையில் மழை இரைந்தது. டேல் தாளைத் திருப்பித் தர மறந்து நின்றான்.

"ஆனா ஒண்ணு. அட்டையைப் பசை போட்டு ஒட்டறவன் எங்களுக்கெல்லாம் ஜென்ம விரோதி."

"என் தம்பி. டாட். யார் சொன்னாலும் கேக்க மாட்டான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நவம்பர்ல செத்துட்டான்."

விஷயத்தை அவள் நின்றபடியே சொன்னாள். முந்தின நாள் மாலை இருவருக்கும் தொடங்கிய சண்டை, அவன் செத்த அன்று காலை வாசல்வரை வந்தது. போய்த் தொலை என்று கத்தினாள். அவன் போனான், ஏரிச்சாலைப் பனியில் வண்டி சறுக்கி, லாரிக்கு அடியில். ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் ஒட்டுவான். அவன் போன துக்கத்தில் அம்மா ஆல்பத்தை அடுப்பில் போட்டுவிட்டாள். ரெனாட்டா பிடுங்கி எடுத்தது இந்த ஒரு தாளைத்தான். இதை அவன் ஒட்டியது அந்தக் கடைசி ராத்திரி, சண்டைக்கு நடுவில்.

"பின்னாடி என்ன எழுதியிருக்கான்னு தெரியணும். அவ்வளவுதான்."

"தண்ணியில ஊறப்போட்டா பசை விட்டுரும். அச்சு மைக்கு ஒண்ணும் ஆகாது. எழுதினது பென்சிலா, பேனாவா? பேனா மைன்னா கரைஞ்சுரும்."

"எப்பவும் பென்சில்தான்... அப்படித்தான் நினைக்கிறேன்."

"பதினாறு வருஷமா ஊறப்போடறேன். ஒண்ணுகூடக் கெட்டதில்ல."

"ரொம்பத்தான் பெருமை."

"செவ்வாய்க்கிழமை பாருங்க. அப்புறம் கேலி பண்ணுங்க."

முறை என்று ஒன்று உண்டு. முதலில் ஒரு மூலையை நீராவியில் தளர்த்தி, பின்பக்கம் பேனா மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கே மூன்று நாள் பிடிக்கும். ஆனால் டேலுக்குச் செவ்வாயன்றே அவளைப் பார்க்க வேண்டும். தாளை அப்படியே தட்டில் முக்கினான்.

இருபது நிமிடத்தில் தண்ணீர் நீலமானது.

அவசரமாக அட்டையை உரித்துத் திருப்பினான். ஒரு எழுத்துகூட இல்லை. வெளிறிய நீலக் கறை மட்டும்.  உண்மையைச் சொன்னால் அந்தக் கண்கள் எப்படி ஆகும் என்று யோசித்தான்... சொல்லும் தைரியம் அவனிடம் இல்லை.

பழுப்புத் தாளில் ஆட்டக்காரரின் பெயரை டாட் பென்சிலில் எழுதியிருந்தான். அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, காய்ந்த அட்டையின் பின்னால் டேல் எழுதினான்: 'இது ரெனாட்டாவுக்கு. அவளுக்கு மஞ்சள் பிடிக்கும்.'

செவ்வாயன்று ஒரு ரொட்டிக்கடையில் அவள் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். கோபமில்லை அவனுக்கு, என்று முணுமுணுத்தாள். அழுதபடியே அவன் கையைப் பிடித்தாள். "இந்த நீலம்?"

"பழைய பசையோட கறை," என்றான்.

அப்புறம் நான்கு மாதங்கள். சனி, ஞாயிறுகளில் ஒவ்வோர் ஊர்க் கண்காட்சிக்கும் ஒன்றாகப் போனார்கள். அவளும் கையை நீட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

"இந்த ஆளைப் பாரு, மூக்கு பச்சையா இருக்கு. வாங்கலாமா?"

"உன் ரசனையே தனி."

"உன்னையே எடுத்தேனே."

அவள் தனியாக இருக்கிறாள் என்று ஏப்ரலில் வாசல் கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மாட்டிக்கொடுத்தான். சிரிக்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் பொட்டு மினுங்கும். அவன் அப்போதெல்லாம் வேறு பக்கம் பார்ப்பான்.

ஜூன் முதல் வாரம் அவள் சொன்னாள்: "டாட் கல்லறைக்குக் கல்லு ஆர்டர் பண்ணிட்டேன். அவன் கையெழுத்திலேயே அந்த வரியைச் செதுக்கித் தர்றாங்களாம். நாளைக்கு அட்டையைக் கொண்டுபோகணும்."

மறுநாள் காலை மழையில் நனைந்துகொண்டு டேல் கதவைத் தட்டினான்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்? காபி போடறேன், உக்காரு."

அவன் உட்காரவில்லை. "கல்லுல அது வேண்டாம். அது என் கையெழுத்து."

ரெனாட்டா கெண்டியோடு நின்றாள்.

"பேனா மை. நான் முதல்ல பார்த்திருக்கணும். பார்க்கல. கரைஞ்சுபோச்சு. அப்புறம் நானே எழுதினேன்."

"அவன் எழுதினதுல... ஏதாவது படிச்சியா?"

"இல்ல."

"ஒரு எழுத்து?"

"தண்ணி நீலமா இருந்துச்சு. அவ்வளவுதான் பார்த்தேன்."

அவள் கெண்டியை வைத்தாள். மேசையிலிருந்த அட்டையை எடுத்துக் குப்புறப் போட்டாள். "உன் பையில எப்பவும் ரப்பர் இருக்குமே. எடு. அழி."

அழித்தான்.  எழுதியது முழுக்கப் போக வெகுநேரம் ஆனது. அவள் தூளை ஊதிவிட்டு அட்டையைத் திருப்பி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்தாள்.

"இன்னும் அழகாத்தான் இருக்கு," என்றாள். அதைச் சொன்ன குரலில் உயிரில்லை. "நாலு மாசமா அவன் என்னை மன்னிச்சுட்டான்னு தூங்கினேன், டேல்."

"தெரியும். ரெனாட்டா, நான் உன்னை..."

"அதுவும் தெரியும். நானும்தான். அந்தக் கூடத்துல எல்லாரும் மூலையைப் பார்த்தாங்க, நீ முகத்தைப் பார்த்தே. அப்பவே." கதவைத் திறந்து பிடித்தாள். "இப்ப போ."

"திரும்பி வரலாமா?"

அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் படியிறங்கினான்.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி ஒரு சுற்று சுற்றியது. அப்புறம் மேல் தாழ்ப்பாள். அவன் மாட்டியபோதே கொஞ்சம் இறுக்கம். தேய்த்துச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருந்தான். முதல் தள்ளில் போகவில்லை. இரண்டாவதிலும் இல்லை. டேல் மழையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது தள்ளில் விழுந்தது.