ஆறாவது கியர் தீரும் இடம்

ஆறாவது கியர் முன்கூட்டியே தீர்ந்துபோனது.

நேற்று இப்படி இல்லை. சவுக்குத் தோப்பு முடிந்து ரோடு இடப்பக்கம் வளையும் இடத்தில், பிரேக்கைத் தொடப்போகும் அதே நொடியில் என்ஜின் வேகம் காட்டும் முள் சிவப்பைத் தொட வேண்டும் என்பது லியோவின் கணக்கு. நேற்று தொட்டது, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோதும் தொட்டது. இன்று வளைவு கண்ணில் படுவதற்கு வெகு முன்பே முள் சிவப்பில் போய் முட்டிக்கொண்டது. அதற்குமேல் ஏற வழியில்லாமல் என்ஜின் ஒரே இடத்தில் நின்று தும்மிக்கொண்டிருந்தது, ஹெட்போனுக்குள் அந்தச் சத்தம் தகரக்கூரையில் யாரோ சரளைக் கல்லை விடாமல் கொட்டுவதுபோலக் கேட்டது. அதற்கப்புறம்தான் வளைவு வந்தது. சாவகாசமாக வந்தது.

நிறுத்திவிட்டு செட்டப் திரையைத் திறந்தான். எந்த எண்ணும் மாறியிருக்கவில்லை.

இந்த வேலையை யாருக்கும் விளக்கிச் சொல்லி அவன் ஜெயித்ததில்லை. வீடியோ கேமில் ஓடும் காருக்கும் கியர்பாக்ஸ் உண்டு. ஒவ்வொரு கியரும் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. எண்ணைக் குறைத்தால் கியர் நீளும், இழுவை குறைந்தாலும் வேகம் கூடும். ஏற்றினால் கியர் குறுகும், சுறுசுறுப்பாகக் கிளம்பி சீக்கிரமே தீர்ந்துபோகும். டிராக்கின் மிக நீளமான நேர்ரோடு எங்கே முடிகிறதோ அங்கே, மிச்சமும் இல்லாமல் குறையும் இல்லாமல் கடைசி கியர் தீர வேண்டும். போட்டிகளில் ஓட்டுகிறவர்கள் இதற்காக அவனைத் தேடி வருவார்கள். ரோட்டின் அளவுக்குக் கியர் தைக்கிறேன் என்பான் லியோ.

"பொம்ம காருக்கு கியர் போட்டு சோறு துன்றவன் இந்த கடலூர் முதுநகர்லயே நீ ஒருத்தன்தான்டா" என்பார் அவன் அப்பா சூசைமாணிக்கம்.

அப்பாவுக்கு இன்று மாலை முப்பதாம் நாள் பூசை.

அடக்கம் முடிந்து வந்த சாயங்காலமே லியோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கல்லறையில் எல்லோரும் அழுதபோது அவனுக்கு அழுகை வரவேண்டிய இடம் உள்ளே எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த காலைப்போல அந்த இடம் மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை அவன் மனைவி ஆரோக்கிய அனிதா துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். இந்த வீட்டில் ஆள் இருக்கிற சத்தமே இல்லை என்றாள். நேற்று போன் செய்து, "பூசைக்கு வரேன். அதுக்கப்புறம் இருக்கறதா வேணாமான்னு பாக்கலாம்" என்றாள். அவள் வந்துவிட வேண்டும், வந்தால் இருந்துவிட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அந்த ஆசைகூட அடுத்த வீட்டு டிவி மாதிரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டது.

ஹெட்போனில் ராஜ்கமல் கனைத்தான். அண்ணாகிராமத்தில் முந்திரித் தோப்புக்காரன் மகன். இன்று மாலைப் போட்டியில் லியோ தைத்த கியரில் ஓட்டப்போகிறவன்.

"மச்சான், இன்னா செட்டப்பு குடுத்திருக்க? பாதி ரோட்டுலயே நாய் மாரி ஊளையிடுது வண்டி."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. டிராக்க எவனாவது மாத்திட்டானா?"

"யாரும் தொடல. போன மாசம் உனக்கு அனுப்பன அதே டிராக்குதான். நீதான் தூக்கத்துல எதையாவது நோண்டியிருப்ப."

அது அவர்களுடைய சொந்த ரோடு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை யாரோ பெயர் தெரியாத ஒருவன் மரம் விடாமல் வரைந்து கேமில் போட்டிருந்தான். ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் வரும் நேர்ரோடுதான் அதில் நீளம்.

லியோ ஆறாவது கியரைக் கொஞ்சம் நீட்டினான். ஓட்டினான். முள் வளைவில் சரியாகப் போய்ச் சிவப்பைத் தொட்டது. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவை ஓட்டியபோது வளைவுக்கு முன்பே தொட்டது. மறுபடி நீட்டினான். மறுபடி முதல் ஓட்டத்தில் சரியாக இருந்தது, அடுத்த ஓட்டத்தில் போதவில்லை. வெளியே மேகம் கவிந்து அறை சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. துறைமுகப் பக்கத்திலிருந்து கருவாட்டு வாடையும் ஈரக்காற்றும் ஜன்னல் வழியே வந்து திரைக்கு முன்னால் தேங்கின. மூன்றாவது தடவை அவன் முள்ளைப் பார்க்காமல் ஓரத்து மரங்களைப் பார்த்தான். தோப்பு முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. கூடுதலாகச் சில சவுக்கு மரங்கள், ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் நின்றன.

போன் அடித்தது. அனிதா.

"ஏங்க, கெளம்பி வந்துனு இருக்கேன். புதுச்சத்திரம் தாண்டிட்டேன். பூசைக்குப் பூ வாங்கிட்டிங்களா?"

"இல்ல."

"மெழுகுத்திரி?"

"இருக்கும்."

வண்டியை ஓரங்கட்டிப் பேசுகிறாள் போல, காற்று மட்டும் கேட்டது. "இருக்கும்னா இன்னா அர்த்தம்? உங்கப்பாவுக்குத்தானே?" என்றாள். பிறகு, "சரி வுடுங்க, ஆலப்பாக்கத்துல நானே வாங்கியாறேன்" என்று வைத்துவிட்டாள்.

"மச்சான், இருக்கியா, போயிட்டியா? நேரம் ஆவுதுடா" என்றான் ராஜ்கமல்.

ஆறாவது கியரை இன்னும் நீட்டப் போனான். நீளவில்லை. எண் அதன் கடைசிக்கு வந்திருந்தது.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஃபைனல் டிரைவ். கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் கடைசிப் பல்சக்கரம். ஆறாவது கியரைத் தொட்டால் ஆறாவது மட்டும் மாறும். இதைத் தொட்டால் முதல் கியரிலிருந்து எல்லாமே சேர்ந்து மாறும். ஒரு நேர்ரோட்டுக்காக இதில் கை வைப்பவனைப் பார்த்து, பொத்தான் அறுந்ததற்குச் சட்டையையே கிழித்துத் தைக்கிறாயே என்று லியோ திட்டியிருக்கிறான். இன்று அவனே கை வைத்தான். கடைசிவரை இழுத்தான்.

"அனுப்பிட்டேன். ஓட்டிப் பாரு" என்றான்.

ராஜ்கமல் லைனில் இருந்தான், மூச்சு கேட்டது. ஆனால் அந்த மூச்சு அண்ணாகிராமத்தைவிட வெகு தொலைவிலிருந்து வந்தது.

லியோ தானும் ஒருமுறை ஓட்டினான். கார் சோம்பலாகக் கிளம்பியது, பிறகு நிற்காமல் ஏறியது, முனகல்கூட இல்லாமல், எண்ணெய் தடவியதுபோல. வளைவு வரவே இல்லை. சவுக்கு மரங்கள் வந்தன, போயின. முள் பாதியைத் தாண்டி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. கண்ட்ரோலரிலிருந்து விரலை எடுத்தான். கார் நிற்கவில்லை. ரீப்ளே ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் டம்ளருக்குக் கை நீட்டினான்.

எட்டவில்லை.

மேசை விளிம்பில்தான் இருந்தது டம்ளர், எப்போதும் வைக்கும் இடத்தில். நாற்காலியிலிருந்து எழுந்து, குனிந்து, தோள்வரை நீட்டி எடுக்க வேண்டியிருந்தது. மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் கோவில் கோபுரத்து உச்சியிலிருந்து வருவதுபோல இறங்கியது. பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. தண்ணீரைக் குடித்தான்.

போன் மறுபடி அடித்தது. அவள் குரல் விட்டுவிட்டு வந்ததால் ஹெட்போனைக் கழற்றி வைத்து எழுந்து கூடத்தைக் கடந்து வாசல் பக்கம் போனான். போகும்போது கொஞ்சம் நேரமானதுபோல இருந்தது.

"ஏங்க... நான் இன்னும் அந்தத் தோப்புகிட்டதான் இருக்கேன்."

"எந்தத் தோப்பு?"

"சவுக்குத் தோப்பு. ஆலப்பாக்கம் வரவே மாட்டுது. எதுத்தாப்ல ஒரு வண்டி இல்ல, ஒரு ஆளு இல்ல."

"ஸ்கூட்டி நின்னுடுச்சா?"

"நல்லாத்தான் ஓடுது. ஜாஸ்தியாவே ஓடுது. நான் முறுக்கல. அதுவா போவுது."

வாசல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெருவில் வெளிச்சம் குறைந்திருந்தது. கதவுக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவில் தெரு அகலமாகிக் கிடந்தது.

அனிதா மெதுவாகப் பேசினாள். "மாமாவ சிதம்பரம் ஆஸ்பத்திரியிலேந்து ஆம்புலன்ஸ்ல கூட்டியாந்த அன்னிக்கும் இங்கதாங்க. வூட்டுக்குப் போயி கண்ண மூடணும்னாரு. வூடு வந்துடுச்சாம்மா, வூடு வந்துடுச்சாம்மான்னு கேட்டுனே வந்தாரு. தோ வந்துடுச்சி மாமான்னு நானும் சொல்லினே வந்தேன். டிரைவரு எவ்ளோ வெரட்டியும் இந்தத் தோப்பு முடியல. முடியறதுக்குள்ள அவரு..."

அன்று மத்தியானம் லியோ அப்பாவுக்குக் கட்டிலில் புதுப் போர்வை விரித்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தான். ராஜ்கமல் அந்த டிராக்கை முதன்முதலில் அனுப்பியது அப்போதுதான். நேர்ரோட்டுக்கு ஆறாவது கியர் போதவில்லை. கியர் நீண்டால் ரோடும் நீளும் என்று அன்று அவனுக்குத் தெரியாது. நீட்டினான்.

"அனிதா" என்றான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "நான் போயி அத மாத்திடறேன். ஒரு நிமிஷம். நீ வண்டிய ஓரமா நிறுத்து."

"முன்னால ஒருத்தர் நடந்து போறாருங்க."

"நிறுத்தாத. வேணாம். வந்துனே இரு."

"ஆஸ்பத்திரி துணி கட்டியிருக்காரு. கையில ஊசி குத்தி பிளாஸ்திரி போட்டிருக்கு. காலுல செருப்பு கூட இல்ல, பாவம்."

"நிக்காத அனிதா."

"வயசானவருங்க. எவ்ளோ தூரமா நடக்கறாரோ. ஏத்திக்கறேன்."

ஸ்கூட்டர் வேகம் குறையும் சத்தம். காற்று. யாரோ அருகில் வந்து நின்று மூச்சு வாங்கும் சத்தம். பின்சீட்டு ஒரு கனத்துக்கு அமுங்கும் சத்தம். வண்டி மறுபடி கிளம்பியது, முன்பைவிடத் தாழ்ந்த குரலில், இரண்டு பேரைச் சுமக்கும் குரலில்.

லியோ அறையை நோக்கித் திரும்பினான்.

எப்போதும் நாலைந்து எட்டில் முடிந்துவிடும் கூடம். திரை அந்தக் கோடியில் தீக்குச்சி வெளிச்சம் அளவுக்கு எரிந்துகொண்டிருந்தது. நடந்தான். காலடியில் டைல்ஸ் பின்னால் போயிற்று. வெளிச்சம் பெரிதாகவில்லை. வேகமாக நடந்தான். ஓடினான். சுவரில் அப்பாவின் அலமாரி வந்தது. அலமாரி முடியவில்லை. ஓடிக்கொண்டே கையை நீட்டிச் சுவரைத் தொட்டான், குளிர்ந்திருந்தது, விரலுக்கு அடியில் வழுவழுவென்று சுவர் ஓடிக்கொண்டே இருந்தது.

அறையிலிருந்து கார் சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டது. காதுக்குள் கேட்டது. ஏறியது. இன்னும் ஏறியது. எவ்வளவு மிச்சம் என்று சத்தத்தை வைத்தே சொல்ல முடியும் அவனால்.

கொஞ்சம்தான் மிச்சம்.

முள் சிவப்பைத் தொட்டது. சரியாகத் தொட்டது. சத்தம் அறுந்தது.

அவனுக்குப் பின்னால், வாசலில், ஸ்கூட்டர் வந்து நின்றது. ஸ்டாண்டு போடும் சத்தம்.

"ஏங்க" என்றாள் அனிதா. களைப்பும் சந்தோஷமுமான குரல், ஊருக்குப் போய்த் திரும்பியவள் குரல். "கதவத் தொறங்க. மாமாவக் கூட்டியாந்துட்டேன்."

திரும்பிப் பார்த்தான். வாசல் நகத்தின் அளவுக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. அதில் கம்பிக்கதவு. கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்.

அவளிடம் போக வேண்டும். நடந்தான். டைல்ஸ் நகர்ந்தது. வாசல் நகரவில்லை. அழுகை வரவேண்டிய இடம் தெரிந்தது. இப்போதும் மரத்துத்தான் இருந்தது.

"தூங்கறாரு போல மாமா" என்று அவள் சொல்வது கேட்டது.

அவ்வளவு தூரத்திலும் அது தெளிவாகத் தெரிந்தது: பிளாஸ்திரி ஒட்டிய ஒரு கை கம்பிகளுக்கு இடையே உள்ளே வந்தது. அவசரப்படவில்லை. தடவவும் இல்லை. இந்த வீட்டுக்காரருக்கு மட்டுமே பழக்கமான இடத்துக்கு நேராகக் கீழே இறங்கி, தாழ்ப்பாளை ஒருமுறை மேலே தூக்கி, பிறகு வலப்பக்கம் இழுத்தது.

கதவு திறந்தது. இருவரும் உள்ளே வந்து, அவனை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கூடம் நீளமாக இல்லை.