பயிற்சி என்று குறித்துக்கொண்டோம்

பதிவில் ஒரு மூச்சு அதிகமாக இருந்தது.

டீச்சர் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. கூட்டு அழைப்பு என்றால் யாராவது ஒரு மகானுபாவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டு, புஸ் புஸ்ஸென்று அதற்குள்ளேயே மூச்சுவிட்டுக்கொண்டிருப்பது வழக்கம்தான். ஆனால் நேற்றைய பயிற்சியில் கலந்துகொண்ட அத்தனை பேரின் குரலும் அவளுக்கு அத்துப்படி. யாருக்கு மூக்கு அடைத்திருக்கும், யார் பேசுவதற்கு முன் கனைப்பார்கள் என்பது வரை தெரியும். இது அவர்களில் யாருடைய மூச்சும் இல்லை. ரொம்ப நேரம் கத்திக் களைத்துப்போன ஒருவர் சுவரில் சாய்ந்து விடும் மூச்சு போல, நீளமாக, இடையிடையே தடுக்கி வந்தது.

அவள் உண்மையில் டீச்சர் இல்லை. மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைக் கணினிகளில் பாதுகாத்துக் கொடுக்கும் நிறுவனம் அது. திருடர்கள் இணையம் வழியாகப் புகுந்தால் என்ன செய்வது என்று ஆண்டுதோறும் ஒரு போலித் தாக்குதல் நடத்திப் பார்ப்பார்கள். அதற்குக் கதை எழுதுவதும், குழு திண்டாடுவதை வேடிக்கை பார்ப்பதும், மறுநாள் பதிவைக் கேட்டு ஒவ்வொருவருக்கும் மார்க் போடுவதும் அவள் வேலை. மார்க் விஷயத்தில் மகா கஞ்சம். அதனால் வந்த பட்டப்பெயர்தான் டீச்சர்.

போன ஆண்டு அவள் செய்த வேலையை யாரும் மறக்கவில்லை. "பயிற்சி முடிஞ்சுது, எல்லாருக்கும் நன்றி" என்று அறிவித்துவிட்டு, எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்த நேரம் பார்த்து இரண்டாவது தாக்குதலை அவிழ்த்துவிட்டாள். மொத்தக் குழுவும் மண்ணைக் கவ்வியது. பயனர் கணக்குகளையும் நுழைவு அட்டைகளையும் முடக்கும் பொறுப்பில் இருந்த பெண், அவளை எல்லோரும் பூட்டு என்பார்கள், கழிவறையில் போய் அழுதாள். அன்றைக்கு டீச்சர் சொன்னது அவர்களுக்கு வேதவாக்காகிவிட்டது: முடிந்தது என்று நானே சொன்னாலும் நம்பாதீர்கள். எது வந்தாலும், "பயிற்சி என்று குறித்துக்கொண்டோம்" என்று பதில் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

இந்த ஆண்டு மேலாளரின் குரலையே கணினியில் செய்து பேசவைத்தாள். அந்தப் போலி மேலாளர் கத்தினார், கெஞ்சினார், வேலையை விட்டுத் தூக்குவேன் என்றார். குழு அசையவில்லை. குழுத் தலைவனின் பெயரே ஐஸ். தலைக்கு மேல் வெள்ளம் போனாலும் பதறாத ஆள். அவன் அமைதியாகக் குறித்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்தான். டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்போது அவள் அடித்தளத்தில் இருந்த ஆய்வு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து கண்ணைச் சொக்கும் நேரம். ஒருபக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே குறுகிய நடை. நடையைத் தாண்டினால் கணினிகள் இரைந்துகொண்டிருக்கும் இயந்திர அறை. அதன் இரும்புக் கதவில் முகம் அளவுக்கு ஒரு சன்னல். இருட்டுவதற்குள் வந்துவிடுவதாக மகளிடம் சத்தியம் செய்திருந்தாள். நேற்றும் அதே சத்தியம் செய்து, மீறி, பிள்ளை சாப்பிடாமலே தூங்கிப்போயிருந்தது. இன்றைக்கும் மீற முடியாது. மாலைக் கூட்டத்தில் மார்க்கை அறிவித்துவிட்டு ஓடிவிட வேண்டும்.

பதிவில் மூச்சு பேசியது.

"யாராவது இருக்கீங்களா? கதவு திறக்க மாட்டேங்குது."

ஐஸின் குரல், தயிர் மாதிரி: "பயிற்சின்னு குறிச்சுக்கிட்டோம். நன்றி." பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இதை அவள் நேற்றே கேட்டிருந்தாள். தான் எழுதாத வரி என்பதும் தெரியும். மேலாளருக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும் பழக்கம் உண்டு, அவர்தான் தன் பங்குக்கு ஒன்றைச் செருகிவிட்டார் என்று நினைத்து, 'கவனம் சிதறவில்லை' என்று எழுதி முழு மார்க்கும் போட்டிருந்தாள். இன்று மேலாளருக்குப் போன் செய்து கேட்டாள். அவர் தான் எதையும் செருகவில்லை என்று சொன்னதோடு, தன் குரலைப் போலியாகச் செய்ததற்கு இன்னும் கோபமாக இருப்பதாகவும் சொன்னார்.

அவள் ஹெட்போனை இறுக்கிக்கொண்டு திரும்பக் கேட்டாள். குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு மின்விசிறியின் டக், டக். ஹெட்போனைக் கழற்றினாள். எதிர் அறையிலிருந்து அதே டக், டக் கேட்டது.

பயிற்சி தொடங்கும்போது இயந்திர அறையைப் பூட்டச் சொன்னது அவள்தான். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னாளா? நினைவில்லை. துப்புரவு ஆளோ, குளிர்சாதனம் பழுதுபார்க்க வந்தவரோ, நேற்றிலிருந்து அந்தக் குளிரில் கிடக்கிறார் என்றால்? அவர் உதவி கேட்டதற்கு ஒரு கூட்டமே சிரித்திருக்கிறது. அதற்கு அவள் மார்க் போட்டிருக்கிறாள்.

நாற்காலியில் கழற்றிப் போட்டிருந்த நீல ஸ்வெட்டரையோ மேசையிலிருந்த செல்போனையோ எடுக்கத் தோன்றாமல் நடையைக் கடந்து, கதவில் நுழைவு அட்டையைக் காட்டினாள். பூட்டு விடுபட்டது. கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைத்தபோது தோளில் ஏதோ உரசியது. கூட்டமான பேருந்தில் இறங்குகிறவர் ஏறுகிறவரை உரசிக்கொண்டு போவாரே, அப்படித்தான். திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே வரிசை வரிசையாக ஆளுயர அலமாரிகள், அவற்றில் கண்சிமிட்டும் பச்சை விளக்குகள், எலும்பில் இறங்கும் குளிர், சூடேறிய பிளாஸ்டிக் வாடை. அதற்கும் அடியில் இன்னொரு வாடை இருந்தது, நாள் கணக்காகத் திறக்காத வாயிலிருந்து வருவது போல. "உள்ள யாருங்க? பயப்படாதீங்க, கதவு திறந்தாச்சு" என்று கூப்பிட்டபடி ஒவ்வொரு சந்தாகப் பார்த்துக்கொண்டு போனாள். கடைசிச் சந்து வரை யாருமில்லை. விழுந்து கிடப்பவர் இல்லை. ஒரு செருப்புகூட இல்லை. அப்பாடா என்று திரும்பி வந்தவள் கதவுச் சன்னலைப் பார்த்து நின்றாள்.

கண்ணாடியின் உட்பக்கம் முழுக்கக் கைரேகைகள். ஒன்றன்மேல் ஒன்றாக. கீழே இரும்பில், நகத்தால் பிறாண்டிய கோடுகள்.

வெளியேறும் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. கைப்பிடி, எதையும் பிடிக்காமல் வெறுமனே சுற்றியது.

சுவரில் உள்தொடர்புத் தொலைபேசி இருந்தது. மேல்மாடியில் ஐஸ் எடுத்தான்.

"நான் டீச்சர் பேசறேன். இயந்திர அறையில மாட்டிக்கிட்டேன். உடனே கீழ வந்து கதவைத் திற."

அவன் மெல்லச் சிரித்தான். "பயிற்சின்னு குறிச்சுக்கிட்டோம். நன்றி."

"விளையாடாத. இது நிஜம். பயிற்சி நேத்தே முடிஞ்சுது."

"முடிஞ்சதுன்னு சொன்னா நம்பக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்ததே டீச்சர்தாங்க."

தன் குரல்தானே இது, தெரியவில்லையா என்று கேட்டாள். குரலைச் செய்வது பெரிய விஷயமில்லை என்றான் அவன், மரியாதையாக. பயிற்சியை நிறுத்துவதற்கென்று வைத்திருந்த ரகசியச் சொல்லைச் சொன்னாள். அந்தச் சொல்லும் எதிரிக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும் என்றான். அதுவும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். இவ்வளவு நல்ல மாணவர்களை அவள் எந்த ஜென்மத்திலும் கேட்டதில்லை.

"சந்தேகம்னா ஆய்வு அறைக்குப் போன் போட்டுப் பாரு," என்றாள். "நான் அங்க இருக்க மாட்டேன். அப்ப புரியும்."

"நான் உங்ககூடப் பேசும்போதே பூட்டு அங்க போன் போட்டுட்டா," என்றான் ஐஸ். "டீச்சர் எடுத்தாங்க. அங்கதான் இருக்காங்க. நாம சரியாப் போறோமாம், கதவு திறந்ததும் நாங்க முடக்கின அட்டையை விடுவிக்க வேண்டாமாம். இந்த இணைப்பையும் துண்டிக்கச் சொல்லிட்டாங்க."

டொக்.

அதன்பின் அந்தத் தொலைபேசியில் இரைச்சல்கூட இல்லை.

அவள் சன்னலுக்குப் போனாள். போகப் பிடிக்கவில்லை, ஆனாலும் போனாள். கைரேகைகளுக்கு நடுவே சுத்தமாக இருந்த ஓர் இடத்தில் கண்ணை வைத்தாள்.

ஆய்வு அறையில் அவள் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. நீல ஸ்வெட்டர். ஹெட்போன். அவளைப் போலவே இடது கையால் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கத்தினாள். கதவை அடித்தாள். உள்ளங்கை எரிந்தது. இயந்திரங்கள் அவள் குரலைத் தின்றுவிட்டு இரைந்தன.

நெடுநேரம் கழித்துக் குழு படியிறங்கி வந்தது. மாலைக் கூட்டம். ஐஸ் முன்னால், பூட்டு பின்னால், மற்றவர்கள் பேசிச் சிரித்தபடி. கைக்கெட்டும் தூரத்தில் நடையைக் கடந்து போனார்கள். அவள் இரண்டு கையாலும் அறைந்தாள். ஐஸ் நின்றான். சன்னலைப் பார்த்தான். அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

ஐயோ, பார்த்துவிட்டான். பார்த்துவிட்டான்.

அவன் முகம் வெளுத்தது. பதறாத ஆளின் உதடு நடுங்கியது. ஒரு அடி முன்னால் வந்தான். அப்போது ஆய்வு அறைக்குள்ளிருந்து நாற்காலிக்காரி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் அங்கே திரும்பினார்கள். ஐஸ் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டான். பிறகு கதவைப் பார்த்துக் கும்பிடு போட்டு, செம வேலை என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

கூட்டம் நடந்தது. மார்க் போட்டார்கள் போல. பூட்டு துள்ளிக் குதித்தாள். கைதட்டினார்கள். இங்கே எதுவும் கேட்கவில்லை.

அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அடிக்க முடியவில்லை. கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

எல்லோரும் போனபிறகு மேசையில் செல்போன் ஒளிர்ந்தது. இத்தனை தூரத்திலும் திரையில் மகளின் முகம் தெரிந்தது.

எடுக்காதே.

நீல ஸ்வெட்டர் போட்ட கை நீண்டது. போனைக் காதில் வைத்தது. நாற்காலி மெதுவாகச் சுழன்றது. முதல் முறையாக அதன் முகம் இந்தப் பக்கம் திரும்பியது. அவள் முகம்தான். ஒரு சுருக்கம் பிசகாமல் அவளுடைய முகம். கண் மட்டும் இமைக்கவில்லை. கதவைப் பார்த்தபடியே அது மகளிடம் பேசியது. உதடுகள் அசைவதை வைத்து ஒவ்வொரு சொல்லையும் அவளால் படிக்க முடிந்தது.

"இதோ கிளம்பிட்டேன்டா கண்ணு. அம்மா வந்துக்கிட்டே இருக்கேன்."