யானை முட்டை

அழைப்பு மணி ஒலிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். நிமிர்ந்து பார்த்தபோதுதான் கம்பி வெட்டப்பட்டிருந்தது தெரிந்தது. சும்மா அறுத்துவிட்டுப் போகவில்லை. இரண்டு முனைகளிலும் கறுப்பு நாடா சுற்றி, ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. அவள் கணவன் எதைச் செய்தாலும் அப்படித்தான். பதினான்கு வருடப் பட்டாளம்.

மாலை ஐந்தரைதான். ஆனால் மழைமேகம் கவிந்து, தூறலில் தெருவே ஈரச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஊறிய சிமெண்டின் வாசனை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ விடாமல் சிரிக்கும் ஓசை, அதற்கெல்லாம் அடியில், கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப் போன்ற ஓர் அமைதி.

"என்னங்க, நான்தான்."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொல்லைச் சொல்ல மறந்துவிட்டாள்.

அவன் ஊர் திரும்பி இரண்டு வருடமாகிறது. எல்லைக் காவலில் இருந்தபோது, ஒரு பனிமூட்டத்தில், தெரிந்த முகமும் தெரிந்த குரலுமாக ஒருவன் வந்தான். அன்றைய அடையாளச் சொல்லைச் சரியாகச் சொன்னான். காவலில் நின்ற இவன் வாயிலைத் திறந்தான். ஒன்பது பேர் செத்தார்கள். சொல்லை வெளியே சொன்னவன் முகாமிலேயே இருந்தான். விசாரணையில் அவன் பெயர் வரவில்லை. வாயிலைத் திறந்தவன் என்று இவன் பெயரை மட்டும் எழுதிக் கோப்பை மூடினார்கள். 'உடல்நலம், மனநலம் திருப்தி' என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதிலிருந்து வீட்டுக்கும் ஒரு சொல். தினமும் காலையில் ஆறு வயது மகள் தேர்ந்தெடுப்பாள். மூன்று பேருக்கு மட்டுமே தெரியும்.

"கட்டின பொண்டாட்டிக்கே வாசல்ல பரீட்சையா?" என்று முதல் நாள் கேலி செய்தாள். அவன் சிரிக்கவில்லை.

"குட்டி தலைமேல கை வச்சுச் சொல்லு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவன் தூங்க ஆரம்பித்தான். அந்தத் தூக்கத்துக்காக என்ன சொல்லை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைத்தாள்.

"யானை முட்டை," என்றாள் கதவைப் பார்த்து.

உள்ளே தரையில் ஏதோ நகர்ந்தது. பிறகு அவன் குரல், சாவித்துளைக்கு மிக அருகில்.

"இன்னொரு தடவை சொல்லு."

"யானை முட்டைங்க. நனையறேன், திறங்க."

"யார் சொன்னா உனக்கு?"

"இதென்ன கேள்வி? காலைல பல்லு விளக்கிட்டே குட்டிதானே சொன்னா."

"அதே சொல்லைச் சொல்லிட்டு என் பொண்டாட்டி நாலு மணிக்கே வந்துட்டா."

அவள் கதவிலிருந்து ஓரடி பின்னால் போனாள்.

மூன்று மணிக்கு, அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்கட்டிலிருந்து மனநல மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். "இன்னைக்கு என்ன வார்த்தைம்மா?" என்று அவர் சிரித்தார். இவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். அவர் சொல்லி முடித்த பிறகு, வெகு மெதுவாக, இன்னொரு முறையும் அது கேட்டது. எதிரொலி என்று நினைத்தாள்.

"யார்கிட்ட சொன்னே?" என்றான். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "தலைமேல கை வச்சியே."

"டாக்டர்கிட்டதாங்க. உங்க நல்லதுக்குத்தான்..."

"அங்க ஒன்பது பேரையும் நல்லதுக்குன்னுதான் சொல்லிக் கொன்னாங்க."

"என்னை விடுங்க. குட்டியை மட்டும் வெளிய அனுப்புங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

கதவின் மறுபக்கம் அவன் முதுகு சரிந்து உட்காரும் சத்தம்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"யாருங்க வாசல்ல?"

இவளுடைய குரலேதான். வேலை முடிந்து வந்த அலுப்பு உட்பட.

"யாரும் இல்லம்மா," என்றாள் மகள்.

மண்டியிட்டாள். கடிதத் துவாரத்தின் தகட்டைத் தள்ளினாள். அவன் தோளுக்கு மேலே ஒரு விரல் இடுக்கு.

குழல் விளக்கு. தரை. காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் மகள். பின்னால் முக்காலியில் ஒருத்தி. முகம் தெரியவில்லை.

கைகள் மட்டும். நிதானமாகச் சடை பின்னுகிற கைகள்.

இடது கட்டைவிரல் நகத்தில் ஊதாக் கறை. காலையில் பரிசோதனைக் கூடத்தில் சாயக் குப்பி கவிழ்ந்து தன் நகத்தில் பட்ட அதே கறை. சோப்புக்கும் போகவில்லை, ஸ்பிரிட்டுக்கும் போகவில்லை. மூன்று நாளாவது இருக்கும்.

தகட்டிலிருந்து இடது கையை எடுத்தாள். தெருவிளக்கை நோக்கிப் பிடித்தாள்.

நகம் வெளுப்பாக இருந்தது.