அரை நிலாத் துளை

இன்ஸாஃப் கம்மூன் வக்கீலாகச் சத்தியப்பிரமாணம் எடுத்து இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளுடைய அங்கியைப் பறிக்க ஆள் கிளம்பிவிட்டது. ஸ்ஃபாக்ஸ் நகர நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஃபெத்தியின் ஜெராக்ஸ் கடைக்குள் அவள் நுழைந்தபோது, டலண்டா, ஹரீஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். நீதிமன்ற ஆவண அறையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறவள் அவள். காகிதத்தில் வில்லங்கம் என்றால் எல்லோரும் அவளைத்தான் தேடி வருவார்கள்.

"பத்து மணிக்கு வக்கீல் சங்கத்துல விசாரணை, அக்கா. மத்தி மீன் ஃபாக்டரில மேஸ்திரி மேல கேஸ் போட்ட அம்மா என் கட்சிக்காரி. சாட்சி சொல்ல ஒத்துக்கிட்ட ஒன்பது பொண்ணுங்க பேரை ஒரு கடுதாசில எழுதிக் குடுத்தாங்க. அதோட நகலை எதிர்த்தரப்பு புதன்கிழமை கோர்ட்ல தாக்கல் பண்ணிடுச்சு. நான்தான் வெளிய விட்டேனாம்."

"கடுதாசி யார்கிட்ட இருந்துச்சு?"

"திங்கக்கிழமையே எங்க சீனியர் வக்கீல் லம்ஜத் உஸ்தாத்கிட்ட குடுத்துட்டேன்." லம்ஜத்தின் அலுவலகத்தில்தான் அவள் பயிற்சி பெறுகிறாள். "அவரு வியாழக்கிழமைதான் அதை முதல்ல பாத்தேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. கோப்பு அறைச் சாவி அவர்கிட்ட மட்டும்தானாம், நான் அதுக்குள்ள கால்கூட வச்சதில்லையாம், கடுதாசி அங்க இருந்திருந்தா வெளிய போயிருக்காதாம். மன்னிப்புக் கேட்டா ஆறு மாசத் தடையோட முடிச்சுத் தரேங்கறாரு. கேக்க மாட்டேன்."

டலண்டா கையைத் துடைத்துக்கொண்டு, கோர்ட்டில் தாக்கலான நகலைக் கேட்டாள். இன்ஸாஃப் அதை மேசையில் வைத்து, எழுத்து தெரியாமல் தன் கறுப்பு அங்கியை அதன்மேல் போட்டாள். ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஊரே படிச்சாச்சு, வக்கீலம்மா. இனிமே எதுக்குப் போர்வை?" என்று ஃபெத்தி சிரித்தான்.

"ஊருக்குக் காட்டினது நான் இல்ல. உங்களுக்குக் காட்டினா, அது நான்."

டலண்டாவுக்கு இந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடித்துப்போனது. குனிந்து ஓரத்தைப் பார்த்தாள். துளை போட்ட காகிதத்தை நகலெடுத்தால் விழும் கறுப்பு நிழல்கள் இரண்டு வலது பக்கம் இருந்தன. மேலே முழு வட்டம், கீழே பாதிதான்.

"நீ குடுக்கும்போது துளை இருந்துச்சா?"

"இல்ல அக்கா. வெறும் கடுதாசி."

ஃபெத்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அக்கா, நான் எவன் காகிதத்தையும் படிக்கிறதில்ல, ஓரம் நேரா இருக்கான்னு மட்டும்தான் பாப்பேன். லம்ஜத் ஆபீஸ் காகிதம் அத்தனைலயும் இந்த அரை நிலா இருக்கும். துளை போடுற மெஷின்ல ஒரு பல்லு பாதி உடைஞ்சு கிடக்கு. ரெண்டு வருஷமா சொல்றேன், கஞ்சப்பய புதுசு வாங்க மாட்டேங்கறான்."

"மெஷின் எங்க இருக்கும்?"

"கோப்பு அறையில," என்றாள் இன்ஸாஃப். "காகிதத்தை வாங்கிட்டு அவரே உள்ள போயிடுவாரு."

"சரி, வா," என்று டலண்டா எழுந்தாள்.

விசாரணையில் லம்ஜத் சொந்த மகளுக்குப் பரிவதுபோலப் பேசினார். சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்றார். இன்ஸாஃபுக்குச் சாட்சியாக வந்திருந்த டலண்டா அவரை முடிக்கவிட்டுச் சங்கத் தலைவரிடம் திரும்பினாள்.

"ஐயா, உஸ்தாத் தாக்கல் பண்ணின வாக்குமூலத்தோட வலது ஓரத்தைப் பாருங்க. கீழ இருக்குற துளை பாதிதான். இப்ப இந்த நகலைப் பாருங்க."

அங்கி மூடியபடியே நகலை இன்ஸாஃப் மேசைமேல் நகர்த்தினாள். அதே அரை நிலா அதிலும் இருந்தது.

"புதன்கிழமை தாக்கலான நகல்ல இவரோட மெஷின் துளை. இவரு கடுதாசியைப் பாத்ததே வியாழக்கிழமைதானாம்."

"அவளே துளை போட்டிருக்கலாமே," என்றார் லம்ஜத்.

"மெஷின் உங்க கோப்பு அறையில. சாவி உங்ககிட்ட மட்டும்தான், அவ உள்ள கால் வச்சதில்லன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

லம்ஜத் தண்ணீர் கேட்டார். யாரும் எழுந்து போகவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் மேல குத்தம் இல்லம்மா. அங்கியை எடுத்துப் போட்டுக்கோ."

இன்ஸாஃப் அங்கியைத் தொடவில்லை.

"அந்த ஒன்பது பேரும் இன்னும் சாட்சி சொல்லணும், ஐயா. முதல்ல காகிதத்தைக் கவுத்து வைங்க. அப்புறம் போட்டுக்கறேன்."