குரல் கொடுக்காமல் மூடிய கதவு

வேலைக்குச் சேர்ந்த வாரமே சொதப்பினேன். குரல் கொடுக்காமல் சேம்பர் கதவை மூடிவிட்டேன். என் தரப்பில் சொல்ல ஒன்றுதான் உண்டு: வாயில் வடை இருந்தது.

ராஜபாளையத்தில் பழைய பஞ்சு கிட்டங்கி ஒன்றில் எங்கள் பட்டறை. ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு எஃகு சேம்பர்; அதற்குள் நீளக் கண்ணாடி. காற்றை உறிஞ்சிவிட்டு அதன்மேல் இரும்பும் சிலிக்கானும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான படலங்களாகப் பூசுவோம். நியூட்ரான்களைத் தரம் பிரிக்கும் காந்தக் கண்ணாடி அது. காந்தத்தின் திசைக்கு ஒத்துவரும் நியூட்ரான் பட்டுத் திரும்பும். ஒத்துவராதது ஊடுருவிப் போய்விடும். போனது போனதுதான்.

மூடுமுன் "மூடவா?" என்று கத்த வேண்டும். பின்பக்கத்திலிருந்து பாண்டிசெல்வி எட்டிப் பார்த்து "மூடுங்க" என்ற பிறகுதான் கதவில் கை வைக்கலாம்.

"குரல் குடுத்தியளாண்ணே?"

"உள்ள கண்ணாடிதான தாயி இருக்கு. அது பதிலா சொல்லப்போகுது?"

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அது பழகியதுதான். கேட்டவர் முகம் வெளுத்தது புதிது.

மதியம். சேம்பரின் சிறு சன்னலில் ஊதா ஒளி. எண்ணெய் வாடை. பம்பின் முனகல்.

டொக்.

காற்றே இல்லாத இடத்தில் யார் தட்டுவது?

"பம்பா தாயி?"

"டீ ஆறுதுண்ணே."

மேலாளர் நவநீதகிருஷ்ணனுக்கு போன் போட்டேன்.

"இப்பத் தொறந்தா பூச்சு வீணு, மாரிச்சாமி. ஏற்கெனவே ஒரு கண்ணாடிய ஒடைச்சுட்டிய. தொறந்தியன்னா அப்படியே ஒங்க ஊருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிருங்க."

"உள்ள யாரு சார் தட்டுறது?"

வைத்துவிட்டார்.

வீட்டில் இந்து, என் மனைவி, இந்த வேலை கிடைத்ததைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

டொக்… டொக்.

தட்டல் மெலிந்துகொண்டே வந்தது.

பலமாகத் தட்டியிருந்தால் ஓடியிருப்பேன். நான் அப்படிப்பட்ட வீரன்தான். மெலிந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

காற்று வால்வைத் திருகினேன். சீறல் அடங்கியதும் கதவைத் திறந்தேன்.

உள்ளே யாருமில்லை.

கண்ணாடி முழுக்க முகம் தெரியும் பளபளப்பு. நடுவில் மட்டும் பூச்சு படியாத ஒரு கை, விரல்கள் விரிந்தபடி. பூசி முடியும்வரை யாரோ உள்ளங்கையை எடுக்காமலே அழுத்தியிருந்ததுபோல.

சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

பாண்டிசெல்வி என் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"யாரு தாயி அது?"

இந்தமுறை அவள் டீயைப் பற்றிப் பேசவில்லை.

"பெலிக்ஸ் அண்ணன். ஒங்களுக்கு முன்ன இங்க வேல பாத்தாவ. சொவரச் சொரண்டிச் சுத்தம் பண்ண உள்ள படுத்திருந்தாவ. குரல் குடுக்காம மூடுனது நாந்தான்."