தனித்தொட்டித் துணிகள்

"கிளம்பியாச்சா மகாராணி?"

இஸ்திரி மேஜைக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்த மூத்த மருமகள் அப்படியே நின்றாள்.

"இன்னைக்கு மட்டும்தான் அத்தை... இதோட முடிஞ்சுடும்."

"போன தடவையும் இதே பாட்டுதான் பாடினே! மலை மாதிரி துணி குவிஞ்சு கிடக்கு. ஓட்டல்காரன் மத்தியானம் வந்து தலைமேல நிப்பான். உனக்கு லேசர் கேக்குதா? உசிரு பொழைச்சதே பெரிசு, அதுக்கு மேல அழகு வேறயா! இந்த வயசுல யாருக்குடி காட்டப் போறே?"

மாமியாருக்கு வாய் திறந்தால் மூடத் தெரியாது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி மூத்தவளின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் சிரிப்பார்களே என்றுதான் நா எழவில்லை. "வந்துடறேன் அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

முன்பக்கம் சலவைக்கடை, பின்கட்டில் துவைக்கும் தொட்டிகள், மாடியில் குடித்தனம். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ். தம்பி பெண்டாட்டிதான் இளையவள். அவள் பெற்ற பெண்ணுக்கு வீட்டில் பட்டாணி என்று பெயர். பிரசவத்தில் இளையவள் படுத்த படுக்கையாகிவிட, மூத்தவள்தான் அந்தச் சிசுவை வாரியெடுத்துத் தன் இடது மார்பில் போட்டு வளர்த்தாள். அவளுக்கென்று ஒரு குழந்தை வாய்க்கவில்லை. பட்டாணி பள்ளிக்கூடம் போகிற வயதிலும் பெரியம்மாவின் மேல் கன்னத்தை வைத்தால்தான் கண் மூடுவாள்.

சென்ற வருடம் புற்றுநோய் என்று அந்த இடது மார்பையே எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறியபின், குழந்தை ஒருநாள் ஆசையாக ஓடிவந்து பழைய இடத்தில் சாய்ந்தாள். அடுத்த நொடியே ஏதோ நினைவு வந்தவள்போல் துள்ளி எழுந்து கீழே ஓடிவிட்டாள். அப்புறம் வரவேயில்லை! மூத்தவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தழும்பைத் தடவிப் பார்த்தாள். தடித்து முறுக்கிய கயிறுபோல் கிடந்தது. பிஞ்சுக் கன்னத்தில் குத்தியிருக்கும், பாவம், யார்தான் இதில் தலை சாய்ப்பார்கள் என்று அழுதாள். லேசர் வைத்தால் இளகும் என்று டாக்டரம்மா சொன்னதும் அதையே பிடித்துக்கொண்டாள்.

"தழும்பு காணாமல் போயிடாதும்மா. மெத்துன்னு ஆகும், செவப்பு மங்கும். அவ்வளவுதான்" என்று டாக்டரம்மா முதலிலேயே உடைத்துச் சொல்லியிருந்தாள். மெத்தென்று ஆனால் போதாதா?

இன்றும் கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிப் படுக்க வைத்தார்கள். மரத்துப்போகும் களிம்பு தடவியும் ஒவ்வொரு ஒளித்தெறிப்புக்கும் ரப்பர் பட்டையால் சுண்டியது போல் எரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முடிந்ததும் டாக்டரம்மா தழும்பின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நல்லா இளகியிருக்கே! கொஞ்ச நாளைக்கு எரிச்சல் இருக்கும். வெயில் படாம பாத்துக்கோங்க. அதோட சரி."

"இதுமேல யாராவது சாஞ்சா குத்துமா டாக்டர்?"

"குத்தாதும்மா" என்று அவள் சிரித்தாள். கணவனை மனதில் வைத்துக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பாள்.

வீடு வந்து சேர்ந்தபோது பட்டாணி பின்கட்டில் துணிக் கிளிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்கு உடை மாற்றக்கூடப் பொறுமை இல்லை.

"பட்டாணி, இங்க வாடா கண்ணு... பெரியம்மாவுக்கு சரியாயிடுச்சு. இனிமே கன்னத்துல குத்தாது. வந்து பாரேன்!"

குழந்தை பின்வாங்கினாள்.

"வேணாம் பெரியம்மா... ஒட்டிக்கும்."

"என்னடா ஒட்டிக்கும்?"

"உங்க நோவு. அம்மா சொன்னாங்க. அதுக்குத்தானே உங்க துணிய தனித்தொட்டில ஊற வைக்கிறாங்க?"

மூத்தவள் மூலையிலிருந்த நீலத்தொட்டியைப் பார்த்தாள். அவளுடைய சேலையும் ரவிக்கையும் அதில் தனியாக ஊறிக்கொண்டிருந்தன.

சலவைக்கடையில் அது எழுதாத சட்டம். எண்ணெய்ப் பிசுக்கும் களிம்பும் ஏறிய துணியை மற்றவற்றோடு போடக்கூடாது, போட்டால் எல்லாம் பாழ். அதனால் தன் துணிகள் தனியே போனபோது அவள் சந்தேகமே படவில்லை. தழும்புக்குப் போடும் களிம்புக்காகத்தான் என்று நம்பினாள். போதாக்குறைக்கு, "நீ எவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யறேம்மா" என்று இளையவளின் கையைப் பிடித்து மெச்சியும் இருந்தாள்! அன்று இளையவள் ஏன் தலையைக் குனிந்துகொண்டாள் என்று இப்போதுதான் விளங்கியது. குழந்தையைத் துரத்தியது தழும்பு இல்லை. இத்தனை எரிச்சலும் எதற்காகத் தாங்கினாள்? அவள் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். அழுகை பீறிட்டது.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"என்னடி ஒப்பாரி? பச்சைப் பிள்ளைய மிரட்டினியா?" என்றாள் மாமியார்.

"நான் மிரட்டல அத்தை... என்னைப் பாத்துதான் அது மிரளுது! ஏம்மா இளையவளே, என் நோவு ஒட்டிக்கும்னு யாரு உனக்குச் சொன்னது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

இளையவளின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா... பக்கத்து வீட்டுல சொன்னாங்க... ஒத்தப் பிள்ளையாச்சே, பயந்துட்டேன் அக்கா..."

"ஒட்டுற நோவா இது? டாக்டர் கேட்டா சிரிப்பாங்க!" கூடையைத் தொப்பென்று போட்டுவிட்டு மூத்தவளின் கணவன் முன்னால் வந்தான். வாயில்லாப் பூச்சி என்று பெயரெடுத்தவன். அவன் கத்தி அந்த வீடு கேட்டதில்லை.

"என்னங்க, வேணாம்..." என்றாள் மூத்தவள்.

"நீ சும்மா இரு! நீ வாங்கின சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாய மூடிக்கிட்டு இருந்தது போதும். அம்மா, பட்டாணி காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கிடந்தாளே, அப்பவே இவளுக்குக் கட்டி தெரிஞ்சுபோச்சு. குழந்தை எழுந்து நடக்கட்டும், அப்புறம் காட்டிக்கலாம்னு மறைச்சா. என்கிட்டயே மறைச்சா! முன்னாடியே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாம்னு டாக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. யாருக்குக் காட்டப் போறேன்னு கேட்டீங்களே காலைல... அந்தப் பிள்ள ஒரு தடவை தலை சாய்க்கணும்னு சூடு வாங்கிக்கிட்டு வர்றா!"

மாமியார் கையிலிருந்த சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றவள், "நான் பாவிடி... என் நாக்கு அழுக" என்று மருமகளின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இளையவள் வெறி பிடித்தவள்போல் மகளின் கையைப் பற்றி இழுத்தாள். "போடி! பெரியம்மாகிட்ட போ! அம்மா பொய் சொல்லிட்டேன்டி, ஒண்ணும் ஒட்டாது, போ!"

பட்டாணி வீறிட்டாள். "வேணாம்மா! வேணாம்!"

"இழுக்காதே, விடு!" என்றாள் மூத்தவள். "பயந்த பிள்ளைய என் மேல தள்ளாதே. எனக்கு அது வேணாம்."

கை விடுபட்டதும் குழந்தை ஓடிக் கதவோரம் ஒண்டினாள். அவ்வளவுதான், இளையவள் உடைந்துபோனாள். "அக்கா! என்னை மன்னிச்சுடுங்க அக்கா..." என்று கதறியபடி பாய்ந்து மூத்தவளைக் கட்டிக்கொண்டாள். அவள் கன்னம் மூத்தவளின் இடது மார்பில், அந்தத் தழும்பின் மேலேயே, அழுந்திப் பதிந்தது. சற்றுமுன் சுட்ட தோல் தீயாக எரிந்தது. மூத்தவள் அவளைத் தள்ளவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க அக்கா..."

"மன்னிச்சிட்டேன்மா. அழாதே."

ஒரு கையால் இளையவளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். கண்கள் கதவோரத்திலேயே இருந்தன. விசும்பிக்கொண்டே பட்டாணி இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் மற்றொரு கையை மெதுவாக அவளை நோக்கி நீட்டினாள்.

குழந்தை தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.